‘நேரடியாக’ என்று ஸ்லைடிலேயே இருக்கிறதே!

பழைய மோடம்: நேற்று கணக்கர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. இணையக் கம்பெனிகளிடமிருந்து அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தகவல் திரட்டிய ‘பிரிசம்’ திட்ட விவகாரத்தில் கம்பெனிகள் மேல் தப்பே இல்லையாம், கோர்ட் கேட்டதைக் கொடுத்தார்களாம். 2013 ஜூனில், அங்கே ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்நோடன் வழியாக வெளிவந்த என்எஸ்ஏ ஸ்லைடைப் பார்த்தாரா? கம்பெனிகளின் ‘சர்வர்களிலிருந்து நேரடியாக’ எடுப்பதாக இருக்கிறது. நேரடியாக!

கணக்கர்: பார்த்தேன் ஐயா. அதை எழுதியது என்எஸ்ஏ, கம்பெனி இல்லை. நடுவில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ இருக்கிறது. கம்பெனி அதனிடம் கொடுக்கும், அது என்எஸ்ஏவுக்குத் தள்ளிவிடும். இதில் ‘நேரடி’ எங்கே வந்தது?

பழைய மோடம்: பால்காரர் வாசலில் வைத்தால் நேரடி, வாட்ச்மேனிடம் கொடுத்தால் நேரடி இல்லையா? பால் வீட்டுக்கு வந்ததா, இல்லையா?

சுண்டல்: ஸ்லைடில் உள்ள 9 கம்பெனிப் பட்டியலில் யூடியூபும் கூகுளும் தனித்தனியாக இருக்கின்றன. 2006லேயே கூகுள் யூடியூபை வாங்கிவிட்டது. ஸ்கைப்பும் 2011ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய்விட்டது. அப்படியானால் 7தான்.

பழைய மோடம்: தம்பி, 9ஓ 7ஓ, பிரிசத்தில் சேர்ந்த முதல் ஆள் மைக்ரோசாஃப்ட்தான். 2007 செப்டம்பர்.

கணக்கர்: யாஹூவை ஏன் விட்டுவிட்டீர்கள்? உளவு உத்தரவுகளை விசாரிக்கும் ரகசிய கோர்ட்டில் எதிர்த்து வாதாடியது. 2008ல், நாளுக்கு 2,50,000 டாலர் அபராதம் என்று மிரட்டித்தான் பணியவைத்தார்கள். கூட்டாளியை யாராவது இப்படி மிரட்டுவார்களா?

பழைய மோடம்: யாஹூவின் முதுகுக்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட்டை ஒளித்துவைக்காதீர்கள். ஸ்லைடில் என்ன சொல் இருக்கிறது? அதற்குப் பதில்?

கணக்கர்: நேரடியாக எடுக்க முடிந்தவர்கள், கூகுளின் டேட்டா சென்டர்களுக்கு நடுவே ஓடும் லைனில் எதற்கு ஒட்டுக்கேட்டார்கள்? 2013 அக்டோபரில் அதுவும் வெளியே வந்ததே.

பழைய மோடம்: முன்வாசல் சாவி வைத்திருப்பவன் கொல்லைப்புறம் வழியாக வரக்கூடாது என்று சட்டமா?

ஊர்க்குருவி: ஒரு சொல்லையே பிடித்துத் தொங்குகிறீர்கள். விண்டோஸின் பாதுகாப்பு ஓட்டை ஒன்றை என்எஸ்ஏ மைக்ரோசாஃப்ட்டிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தது. அது திருடு போய், 2017 மே மாதம் கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் வந்து பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. சாதாரண ஆளுக்கு அடி விழுந்தது அங்கேதான்.

பழைய மோடம்: அக்கா, அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே ‘நேரடியாக’ பற்றிப் பேசுகிறோம்.

கணக்கர்: பேசுவது நீங்கள் மட்டும்தான். போன வருஷம் சிக்னலா டெலிகிராமா சண்டையில் ‘ஆதாரம் நாளைக்குத் தருகிறேன்’ என்று போனவர்தானே? அந்த ‘நாளை’ இன்னும் விடியவில்லை.

பழைய மோடம்: அன்று எனக்குக் காய்ச்சல். அதையும் என்எஸ்ஏவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நேரடியாக.

சுண்டல்: பட்டியலில் இருக்கும் ஏஓஎல் கம்பெனியை யாராவது எண்ணினீர்களா? எனக்கு மறுபடியும் 7தான் வருகிறது.