மறு: கோப்போல்ட் ஆணையம் செய்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

> அண்ணே, பாடக் குறிப்பில் "பொதுவாக்கெடுப்பு" என்று போட்டுவிடலாமா? "கருத்துக்கணிப்பு" என்றால் தேர்தல் நேரத்துப் பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது.

வாக்கெடுப்பு வேண்டாம் தங்கச்சி. அங்கே யாரும் ஓட்டே போடவில்லையே! வட போர்னியோவும் (இன்றைய சபா) சரவாக்கும் உருவாகவிருந்த மலேசியாவில் சேருவதைப் பற்றி அங்குள்ள மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று 1962 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஐந்து பேர் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். தலைவர், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் முன்னாள் ஆளுநர் கோப்போல்ட் பிரபு. மலாயா தரப்பில் போன இருவரில் ஒருவர் அப்போதைய பினாங்கு முதலமைச்சர் வோங் பாவ் நீ. (நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?) 690 குழுக்களாக 4,000-க்கும் மேற்பட்டோர் வந்து பேசினார்கள். கடிதம், மனு என்று சுமார் 2,200 வந்து குவிந்தன. ஊர்த்தலைவர் ஒருவர் எழுந்து பேசினால் அவர் பின்னால் எத்தனை பேர் என்பதை ஆணையமே எடைபோட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முடிவும் அப்படித்தான் வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நிபந்தனைகளைப் பெரிதுபடுத்தாமல் மலேசியா வேண்டும் என்றார்கள். இன்னொரு பங்கில் பலர் ஆதரவுதான், ஆனால் பாதுகாப்பு உறுதிகளைக் கேட்டார்கள். மீதிப் பங்கில் முதலில் சுதந்திரம் என்றவர்களும் இருந்தார்கள், பிரிட்டிஷ் ஆட்சியே தொடரட்டும் என்றவர்களும் இருந்தார்கள். நடுவில் நிற்கிறவர்களின் அந்த "ஆனால்" எந்த வாக்குச்சீட்டில் ஏறும்? கணிப்பு என்றாலோ, மாதிரி எடுத்துச் சதவீதம் போட்டதாக மாணவன் நினைத்துக்கொள்வான்.

அதே ஆண்டு செப்டம்பர் 1-இல், மலேசியாவில் இணைவது பற்றிச் சிங்கப்பூரில் நடந்தது வேறு. சீட்டில் இருந்த மூன்று தெரிவுகளுமே இணைப்புக்குத்தான், "வேண்டாம்" என்பதற்குக் கட்டமே இல்லை. கால்வாசிப் பேர் வெற்றுச்சீட்டுப் போட்டார்கள். முறையைப் பற்றி என்ன குறை சொன்னாலும் அது வாக்கெடுப்புதான், எண்ணினார்களே.

நம் குழுவில் ஒருவர் சொன்ன "இசைவறிதல்" காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இசைவு என்றாலே பதில் "சரி" என்று ஆகிவிடுகிறது. கேட்கப் போகும் முன்பே விடையைப் பெயரில் எழுதி வைக்கலாமா? "கருத்தறிதல்" தவறில்லை, ஆனால் சாலையை அகலப்படுத்த மாநகர் மன்றம் கூட்டம் போட்டாலும் அதே சொல்தான்.

என் ஓட்டு "மக்கள் விருப்பறிதல்" பக்கம். விருப்பறி ஆணையம், விருப்பறி அறிக்கை என்று சொல் வளைந்து கொடுக்கிறது. 1963-இல் அதே மக்களின் விருப்பத்தை அறிய மைக்கேல்மோர் தலைமையில் வந்த ஐநா குழுவுக்கும் பொருந்தும். முகநூல் விருப்பக்குறி நினைவுக்கு வருகிறதே என்று யாராவது சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம், கோப்போல்டா கோபால்டா? உன் குறிப்பில் இரண்டும் இருக்கிறது. இரண்டாவது உலோகத்தின் பெயர் போலிருக்கிறது, அதை எடுத்துவிடு.