குற்றவாளி நாணயமா, 13 நொடியா? என்எஃப்எல் பிளேஆஃப் வாரஇறுதி

எருமைநகர் வாசி | 24 ஜனவரி 2022, திங்கள்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கொஞ்சம் காரமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகின் பிளேஆஃபில் (நாக்அவுட் சுற்று) சனி, ஞாயிறு இரண்டே நாளில் நான்கு ஆட்டங்கள், நான்கும் கடைசி நகர்வில்தான் முடிவாயின. டென்னசியில் சின்சினாட்டி பெங்கால்ஸ் 19-16, கிரீன் பேயில் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸ் 13-10, டாம்பாவில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 30-27. மூன்றிலும் வெளியூரிலிருந்து வந்த அணி, கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொடும்போது ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து ஜெயித்தது. நான்காவது எங்கள் பஃபலோ பில்ஸின் ஆட்டம்: கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 42, பில்ஸ் 36, ஓவர்டைமில் (சமனானால் தரும் கூடுதல் நேரம்). இதைவிடச் சிறந்த பிளேஆஃப் வாரஇறுதியை நான் பார்த்ததில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த நான்காவது ஆட்டத்தை முடித்தது ஒரு நாணயம். கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 25 புள்ளி எடுத்திருக்கின்றன. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஜாஷ் ஆலன் 4 டச்டவுன் பாஸ் (டச்டவுன் என்றால் எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி), நான்கையும் பிடித்தவர் கேப்ரியல் டேவிஸ் ஒருவரே. பிளேஆஃபில் ஒரே ஆட்டத்தில் அப்படி யாரும் பிடித்ததில்லை. அதன் பிறகு என்ன ஆயிற்று? ஓவர்டைமில் முதலில் பந்து யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள், ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. சீஃப்ஸ் பந்தை வாங்கி நேராகப் போய் கெல்சிக்கு ஒரு டச்டவுன் போட்டார்கள், கதை முடிந்தது. அன்றைக்கு யாராலும் தடுக்க முடியாத ஆள் ஓவர்டைமில் பந்தைத் தொடவே இல்லை. முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் என்றால் ஆட்டம் முடிந்தது என்ற இந்த விதி 2010 முதல் இருக்கிறது. இதுவரை பிளேஆஃபில் 11 ஓவர்டைம், அதில் டாஸ் ஜெயித்தவர் 10-இல் ஜெயித்திருக்கிறார். ஏழு தடவை எதிரணி பந்தைத் தொடவே இல்லை. இதற்குப் பெயர் விளையாட்டா?

அரோஹெட் அன்பு

தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் நாணயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்த 13 நொடியை அப்படியே தாண்டிப் போகிறீர்களே, அது எப்படி?

36-33 என்று நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். மீதி 13 நொடி. அந்த சீசனில் குறைந்த யார்டும் குறைந்த புள்ளியும் கொடுத்த தடுப்பு அணி உங்களுடையது. கிக்ஆஃபை (பந்தை எங்களிடம் விடும் உதை) எண்ட் சோனுக்குள், அதாவது எங்கள் எல்லைப் பகுதிக்குள், அடித்தீர்கள், டச்பேக். ஒரு நொடிகூடக் கழியவில்லை, பந்து எங்கள் 25 யார்டு கோட்டில். ஹில்லுக்கு ஒரு பாஸ், 19 யார்டு. கெல்சிக்கு ஒரு பாஸ், 25 யார்டு. இரண்டே பாஸ். உங்கள் 31 யார்டு கோட்டிலிருந்து எங்கள் உதைக்காரர் பட்கர் 49 யார்டு ஃபீல்ட் கோல் அடித்து 36-36 ஆக்கினார். அதே பட்கர் அன்று ஒரு ஃபீல்ட் கோலையும் ஒரு எக்ஸ்ட்ரா பாயின்டையும் (டச்டவுனுக்குப் பிறகு உதைத்து எடுக்கும் 1 புள்ளி) கோட்டைவிட்டவர். அவர் ஒழுங்காக அடித்திருந்தால் கதையே வேறு.

இரண்டு பாஸில் 44 யார்டு கொடுத்துவிட்டு நாணயத்தைக் குறை சொன்னால் எப்படி? விதி இரண்டு அணிக்கும் முன்கூட்டியே தெரியும்தானே?

இன்னொன்று. 2019 ஜனவரியில் இதே அரோஹெட் மைதானத்தில் பேட்ரியட்ஸ் அணி ஓவர்டைம் டாஸ் ஜெயித்து, அவர்கள் குவார்ட்டர்பேக் பிரேடி நேராக இறங்கிப் போய் 37-31 என்று முடித்தார். எங்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பந்தைத் தொடவில்லை. எங்கள் அணி உடனே விதியை மாற்றச் சொல்லி முன்மொழிந்தது. நிறைவேறவில்லை. அன்றைக்கு எங்களுக்காக யார் அழுதார்கள்?

சின்சி சித்ரா

சனிக்கிழமை என்று ஒரு நாள் இருந்தது, யாருக்காவது நினைவிருக்கிறதா? எங்கள் பெங்கால்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை ஒன்பது முறை சாக் செய்தார்கள் (எறிவதற்குள் வீழ்த்தினார்கள்). ஒன்பது! எழுந்து எழுந்து வந்து 348 யார்டு எறிந்தார். எதிரணியான டென்னசி டைட்டன்ஸ்தான் லீகின் எங்கள் பாதியில் முதலிடம், அவர்களின் டெரிக் ஹென்றி வேறு காயம் ஆறித் திரும்பியிருந்தார். அவர்கள் குவார்ட்டர்பேக் டேனஹில் ஆட்டத்தின் முதல் பாஸையே எங்களுக்கு எறிந்தார், கடைசிப் பாஸையும் எங்களுக்கே எறிந்தார். எங்கள் ஈலை ஆப்பிள் கையில் பட்டுத் தெறித்ததை லோகன் வில்சன் அள்ளும்போது 20 நொடி பாக்கி. சேஸுக்கு ஒரு பாஸ், எங்கள் உதைக்காரர் மெக்ஃபெர்சன் 52 யார்டு ஃபீல்ட் கோல். அந்தப் பையனுக்கு இதுதான் முதல் சீசன்.

வெளியூரில் பெங்கால்ஸ் ஜெயித்த முதல் பிளேஆஃப் ஆட்டம் இது. சரி, நீங்கள் நாணயத்தைப் பற்றியே பேசுங்கள்.

எருமைநகர் வாசி

சித்ரா அக்கா, வாழ்த்துகள். மனதாரத்தான் சொல்கிறேன்.

அன்பு அண்ணா, 13 நொடியை நான் மறைக்கவில்லை. தரையோடு உருட்டி அடித்திருந்தால் நாலைந்து நொடி கழிந்திருக்கும். அது மட்டுமில்லை, உங்களிடம் டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் உரிமை) கையில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் பக்கவாட்டுக் கோட்டைக் காவல் காத்துக்கொண்டு நடுவைத் திறந்துவிட்டார்கள். டைம்அவுட் வைத்திருப்பவன் கடிகாரத்தை நிறுத்த எதற்குக் கோட்டுக்கு வெளியே ஓட வேண்டும்? நடுவில் விழுந்துவிட்டு டைம்அவுட் கேட்டால் போதாதா? கெல்சி அதைத்தான் செய்தார். எங்கள் பயிற்சியாளர் மெக்டெர்மாட் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் நீங்கள் இரண்டு விஷயத்தை ஒன்றாக்குகிறீர்கள். 13 நொடியில் நாங்கள் செய்த தப்பு ஆட்டத்தைச் சமன் ஆக்கியது. அதற்கான தண்டனை கிடைத்துவிட்டது, வெற்றி போய் சமன் வந்தது. சமன் என்றால் சமன்தானே? அங்கிருந்து இரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. உங்கள் தடுப்பு அணி ஓவர்டைமில் களத்துக்கு வரவே இல்லை. அந்த அணியின் மாத்யூவும் தலையில் அடிபட்டு வெளியே போயிருந்தார். டேவிஸ் என்ன செய்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

சீஸ்தலை சிவா

உங்களுக்காவது ஆட்டம் என்று ஒன்று இருந்தது. எங்கள் பேக்கர்ஸுக்கு நடந்ததை என்னவென்று சொல்வது? கிரீன் பேயின் லாம்போ மைதானத்தில் பனி கொட்டுகிறது, எதிரணியின் தாக்குதல் அணி ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, நம் தடுப்பு அணி உயிரைக் கொடுத்து ஆடியிருக்கிறது. ஆனாலும் தோல்வி. முதல் பாதி முடியும்போது ஃபீல்ட் கோலை மறித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது பன்ட்டை (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு விடுவது) மறித்து, நைனர்ஸின் ஹுஃபாங்கா அதை எடுத்துக்கொண்டு நடந்தே உள்ளே போனார். கடைசியில் அவர்கள் உதைக்காரர் கோல்ட் 45 யார்டு அடிக்கும்போது எங்கள் பக்கம் களத்தில் பத்துப் பேர்! பதினோரு பேரை எண்ணி அனுப்பக்கூட ஆளில்லை. சீசன் முழுக்க இந்த உதைக்கும் அணி ஓட்டைப் பானைதான், தலைமை கண்ணை மூடிக்கொண்டிருந்தது. எங்கள் குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் இதற்கு என்ன செய்வார்?

தங்கவாசல்

பத்து புள்ளிக்கு மேல் எடுத்திருப்பார், சிவா. அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

முதல் முறை பந்து கிடைத்ததும் அழகாக ஒரு டச்டவுன். அதன் பிறகு சொந்த மைதானத்தில், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், மொத்தமே ஒரு ஃபீல்ட் கோல். பன்ட் மறிக்கப்பட்டதற்கு அப்புறமும் 10-10தான், பந்து அவரிடம் வந்தது. மூன்றாவது டவுன் (நான்கு முயற்சியில் மூன்றாவது), 11 யார்டு வேண்டும். கிட்டத்தில் அவர் அணியின் லசார்ட் தனியாக நிற்கிறார். இவர் இரண்டு பேர் சூழ்ந்து நிற்கும் அடாம்ஸுக்குத் தூரமாக எறிகிறார். அப்புறம் என்ன, பன்ட்தான். பிளேஆஃபில் எங்கள் நைனர்ஸுக்கு எதிராக அவர் கணக்கு இப்போது 0-4. நான்கு முறையும் உதைக்கும் அணிதான் காரணமா?

சீஸ்தலை சிவா

2005-இல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் அணி அவரை எடுக்காமல் விட்டது, இன்னும் அதற்குச் சமாதானம் தேடுகிறீர்கள். ஃபீல்ட் கோல் மறிப்பு மூன்று புள்ளி, பன்ட் மறிப்பு ஏழு புள்ளி. கூட்டிக் கழித்துப் பாருங்கள். எனக்கு வேலை இருக்கிறது.

பழைய ஆள்

டாம்பா ஆட்டத்தைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்று வந்தேன். 27-3 என்று ராம்ஸ் முன்னால். அப்புறம் நான்கு முறை பந்தை நழுவவிட்டு (ஃபம்பிள்) பறிகொடுத்து, டாம்பாவுக்கு வந்துவிட்ட பிரேடிக்குத் தட்டில் வைத்து ஆட்டத்தை நீட்டினார்கள். 42 நொடி இருக்கும்போது 27-27. அந்த இடத்தில் டாம்பா தடுப்பு அணி எல்லோரையும் ராம்ஸ் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபர்ட் மேல் ஏவியதே, அது ஏன்? கூப்பர் கப் பின்னால் தனியாக ஓடுகிறார், 44 யார்டு. அந்த ஆளை விட்டுவிட்டு வேறு யாரைப் பிடிக்கப் போகிறீர்கள்? அதோடு சரி.

நாணய வழக்குக்கு வருகிறேன். விதி இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரியும் என்கிறார் அன்பு. 2019 உலகக் கோப்பை இறுதி நினைவிருக்கிறதா? சூப்பர் ஓவரும் சமன், பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து. அந்த விதியும் இரண்டு அணிக்கும் தெரியும். அதே அக்டோபரில் ஐசிசி அதைத் தூக்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த விதி என்பதால் அது நல்ல விதி ஆகிவிடாது.

அரோஹெட் அன்பு

அய்யா, ஒப்பீடு பொருந்தவில்லை. பவுண்டரி எண்ணிக்கையைத் தடுக்க அந்த நிமிடத்தில் நியூசிலாந்தால் எதுவும் செய்ய முடியாது. எங்களை பில்ஸ் தடுத்திருக்கலாம். பதினோரு பேர் களத்தில் நின்றார்கள், கைகட்டி உட்காரச் சொல்லவில்லையே. தடுப்பும் ஆட்டத்தில் பாதி. ஒரு ஃபீல்ட் கோலோடு நிறுத்தியிருந்தால் பந்து ஆலன் கைக்கு வந்திருக்கும்.

எருமைநகர் வாசி

பாதிதான் அண்ணா. அந்தப் பாதியை நாங்கள் மட்டும் ஆடினோம், நீங்கள் ஆடவில்லை. நான் சொல்வதே அதுதான்.

உங்கள் ஊர்க்காரர்கள் பஃபலோ குழந்தைகள் மருத்துவமனைக்குப் பதின்மூன்று பதின்மூன்று டாலராக அனுப்புகிறார்களாம். ஆலனின் பாட்டி இறந்தபோது எங்கள் ஆட்கள் 17, 17 டாலராக (17 அவர் சட்டை எண்) அனுப்பியதே, அதே மருத்துவமனை. நன்றி. ஆனாலும் 13 என்ற எண்ணைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

சின்சி சித்ரா | 31 ஜனவரி 2022

வணக்கம். நேற்று அரோஹெட்டில் எங்களுக்கும் சீஃப்ஸுக்கும் ஓவர்டைம். டாஸ் ஜெயித்தது யார்? சீஃப்ஸ். மைதானமே அப்போதே கொண்டாடியது. மஹோம்ஸ் எறிந்தார், எங்கள் வான் பெல் பிடித்தார். மெக்ஃபெர்சன் 31 யார்டு, 27-24. ஒரு கட்டத்தில் 21-3 என்று பின்னால் இருந்த அணி நாங்கள்.

வாசி தம்பி, தடுத்தால் பந்து கிடைக்கிறது பாருங்கள்.

அரோஹெட் அன்பு

இன்று எனக்குப் பேச மனமில்லை. ஆனால் என் வாதத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எருமைநகர் வாசி

11-இல் 10 என்பது 12-இல் 10 ஆகியிருக்கிறது. இதை வைத்து விதி நியாயமானது என்கிறீர்களா? பன்னிரண்டு வழக்கில் இரண்டு பேர் தப்பித்தால் நீதிமன்றம் சரியாக நடக்கிறது என்று அர்த்தமா?

எருமைநகர் வாசி | 30 மார்ச் 2022

ஓவர்டைம் விதியை மாற்றிவிட்டார்கள். அணி உரிமையாளர்கள் ஓட்டு 29-3. இனி பிளேஆஃப் ஓவர்டைமில் இரண்டு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்கும். எங்களுக்கு இரண்டு மாதம் தாமதம்.

அரோஹெட் அன்பு

எங்களுக்கு மூன்று வருடம் தாமதம். நாங்கள் கேட்டபோது நிறைவேறாதது, உங்களுக்கு நடந்ததும் நிறைவேறுகிறது.

சின்சி சித்ரா

எதிர்த்து விழுந்த மூன்று ஓட்டில் ஒன்று எங்கள் அணியுடையது. எங்களுக்குப் பழைய விதியிலேயே எந்தக் குறையும் இல்லை.

பழைய ஆள் | 12 பிப்ரவரி 2024

இந்த இழையைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவருகிறேன். புதிய விதியில் நடந்த முதல் பிளேஆஃப் ஓவர்டைம், அதுவும் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில். நைனர்ஸ் டாஸ் ஜெயித்துப் பந்தையும் கேட்டு வாங்கினார்கள். ஃபீல்ட் கோல். மஹோம்ஸ் அடுத்து வந்து டச்டவுன், 25-22. எதிராளி எவ்வளவு எடுத்தான் என்று தெரிந்த பிறகு ஆடுவதுதானே சௌகரியம்? துரத்துகிறவன் நான்காவது டவுனிலும் துணிந்து ஆடலாம். எதற்கு முதலில் வாங்கினார்கள்?

தங்கவாசல்

மூன்றாவது வாய்ப்புக்காக. இரண்டு பேரும் சமமாக எடுத்தால் அடுத்து யார் எடுத்தாலும் வெற்றி, அந்த வாய்ப்பு முதலில் வாங்கியவருக்கு. எங்கள் பயிற்சியாளர் ஷனஹான் கணக்கு தப்பில்லை. எங்கள் தடுப்பு அணியும் களைத்துப் போயிருந்தது. விதி மாறியதே தெரியாது என்று எங்கள் ஆட்டக்காரர்கள் சிலர் சொன்னதுதான் எனக்கு வலிக்கிறது.

எருமைநகர் வாசி

நாங்கள் அழுது வாங்கிக் கொடுத்த விதி. அதிலும் முதல் ஆளாகப் பலன் அடைந்தது சீஃப்ஸ்.

அரோஹெட் அன்பு

தம்பி, பழைய விதியாக இருந்தாலும் முடிவு இதேதான். அவர்கள் எடுத்தது ஃபீல்ட் கோல், பந்து எப்படியும் எங்களுக்கு வந்திருக்கும். 2022 ஜனவரியில் நீங்கள் எங்களை ஃபீல்ட் கோலோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும். எத்தனை தடவை சொல்வது?

எருமைநகர் வாசி

ஒரு ஃபீல்ட் கோலோடு நிறுத்துவதற்கு உங்கள் தடுப்பு அணியை அன்று ஒரே ஒரு முறை களத்துக்கு அனுப்பியிருந்தால் நானும் எண்ணிச் சொல்லியிருப்பேன்.