லைப்ரரி வேலைக்கு நடுவுல கைவேலை பாக்குறவங்க, மறக்க முடியாத ஒரு ஆளப் பத்தி சொல்லுங்க

ஓலைக்காரி:
போன மாசத்துல இருந்து மனசுல கெடந்து உறுத்துது, வீட்டுல சொன்னா திட்டு விழும், அதான் இங்க. காரைக்குடி பக்கம் ஒரு கிராமத்து லைப்ரரி, நான் ஒரே ஆள், கூட்டுறதும் நான்தான். சாயங்காலம் பேப்பர் படிக்க வர்ற பெருசுங்க கெளம்புனதும் கொட்டான் பின்னுவேன், பனை ஓலைக் கூடை. தெருவுல ஒரு ஆச்சி சொல்லிக் குடுத்தது. சும்மா கைக்கு வேலைன்னு ஆரம்பிச்சது, ஒரு கல்யாணத்துல தாம்பூலத்துக்கு அறுபது கேட்டாங்க, அதோட தொத்திக்கிச்சு.

அன்னைக்கு பஸ் அவசரத்துல, ஈரத்துணில சுத்துன சாய ஓலைய டிராயருக்குள்ள வச்சுட்டு ஓடிட்டேன். அடியில இரவல் ரிஜிஸ்டர். மறுநாள் காலைல பாத்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்து நிக்கிறார். ரிஜிஸ்டரத் தொறந்தா ரெண்டு பக்கமும் செவப்பா ஊறிக் கெடக்கு. "என்னம்மா, ரத்தமா?"ங்கிறார். சாயம் சார்னேன், கொரலே வரல. அவரு டிராயருக்குள்ள கைய விட்டு, பாதி பின்னுன கொட்டான எடுத்து, திருப்பித் திருப்பி பாத்தாரு. மூலை மடிச்சிருக்கத விரலால தடவுனாரு. திட்டப்போறாருன்னு நிக்கிறேன், "தை மாசம் பொண்ணுக்கு வளைகாப்பு, ஒரு இருபத்தஞ்சு பின்னி வைங்க"ன்னுட்டு கையெழுத்தப் போட்டுட்டுப் போயிட்டாரு.

விலை கேக்கல. நானும் சொல்லல. ஒண்ணு எழுவது ரூபா, மொத்தம் 1750. விலையச் சொன்னா வியாபாரம் பண்றேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி, சொல்லலைன்னா லஞ்சம் குடுத்த மாதிரி. என்ன பண்றது?

பைண்டிங் தம்பி, தேவகோட்டை:
அக்கா உங்களுக்கு ரிஜிஸ்டரோட போச்சு. நான் ஒரு லைப்ரரில கிழிஞ்ச புஸ்தகம் தைக்க தினக்கூலியா போனவன், வெள்ளிக்கிழமை லீவுல வீட்டுல வெளி ஆர்டர் எடுப்பேன். காலேஜ் பசங்க ப்ராஜெக்ட், கோயில் கணக்கு நோட்டு, இப்படித்தான் வரும். ஒரு நாள் ஒருத்தரு வந்தாரு, அறுவது வயசு இருக்கும், அவங்க ஐயா ரங்கூன்ல வட்டிக்கடை வச்சிருந்தப்ப எழுதுன பேரேட கொண்டாந்தாரு, முதுகு பிரிஞ்சு தொங்குது. நல்லா வரணும்னு நெனச்சு தச்சு, காலிகோ துணி ஒட்டி, வழக்கம்போல மூணு பக்கமும் கட்டிங் போட்டுட்டேன். பாக்க புதுசு மாதிரி ஜம்முனு இருந்துச்சு.

வாங்கித் தொறந்தவரு ரெண்டு தாள் பொரட்டுனாரு, நாலு தாள் பொரட்டுனாரு, மொகம் மாறிப்போச்சு. அவங்க ஐயா கப்பல் ஏறுன தேதி, ஊருக்கு காசு அனுப்புன விவரம் எல்லாம் ஓரத்துல பென்சில்ல கிறுக்கி வச்சிருப்பாராம். கழிவுச் சாக்கு எங்கன்னு கேட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு, வெள்ள வேட்டியோட. ரிப்பன் மாதிரி கெடந்த துண்டுகள ஒண்ணொண்ணா எடுத்து வெளிச்சத்துல காட்டி காட்டி பாக்குறாரு. நானும் உக்காந்தேன். ஒரு மணி நேரத்துல அரை வரி சேந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு பேசுன கூலிய முழுசா எண்ணி வச்சுட்டுப் போயிட்டாரு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரிட்டயர்டு நூலகர்:
நான் சர்வீஸ்ல இருந்தப்ப படம் வரைவேன், ஒரு தடவ வித்தேன், காசு வரல, விட்டுட்டேன். அது கெடக்கட்டும். ஓலைக்காரி அம்மாவுக்கு சில விஷயம் சொல்லணும். நீங்க அரசு ஊழியர் கணக்குல வந்தீங்கன்னா 1973 நடத்தை விதிகள் இருக்கு, எப்பவாவது செய்யுற இலக்கிய, கலை வேலைக்கு முன்அனுமதி வேணாம், ஆபீஸ் வேலை கெடக்கூடாது, அவ்வளவுதான். ஆனா தொடர்ச்சியா ஆர்டர் எடுத்து வித்தா அது வியாபாரம், எழுத்துல அனுமதி வாங்கணும். வாங்குன அனுமதி லெட்டர ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. ரெண்டாவது, கவுண்டர்ல வச்சு பேரம் பேசவே கூடாது, வாசகர் வேற வாடிக்கையாளர் வேற. மூணாவது விலை. எழுவது ரூபான்னு எப்படி வச்சீங்க? ஓலை, சாயம், வெறகு, பஸ் சார்ஜ், உங்க நேரம் எல்லாம் எழுதிப் பாருங்க, நிச்சயம் நஷ்டத்துல இருப்பீங்க. நாலாவது, பொருள் விக்கிறதுக்கு வருஷம் நாப்பது லட்சம் தாண்டுனா ஜிஎஸ்டி பதிவு பண்ணணும், அதையும் இப்பவே மனசுல வச்சுக்கங்க. அப்புறம் பைண்டிங் தம்பி, நீங்க மைதாப் பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுறீங்கதானே? அத மொதல்ல நிறுத்துங்க, அதுல இருக்க செம்பு சேந்தா தாளு நாளாக ஆக பழுப்பேறி ஒடியும்.

கதைசொல்லி:
நாப்பது லட்சமா!! அய்யா, அவங்க 1750 ரூபாய எப்படி கேக்குறதுன்னு முழிக்கிறாங்க.

என் கதை சின்னதுதான். சனிக்கிழமை லைப்ரரில பிள்ளைகளுக்கு கதை சொல்லுவேன், காசு கெடையாது. அதக் கேள்விப்பட்டு கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்ட ஹோட்டலாக்குனவங்க ஒருத்தங்க கூப்பிட்டாங்க, வெளியூர் விருந்தாளிங்களுக்கு ராத்திரி வளவுல, அதான் நடு முற்றத்துல, உக்காந்து கதை சொல்லணும், கண்டாங்கிச் சேலை கட்டிட்டு வரணும். கண்டாங்கிக்கு புவிசார் குறியீடு கெடச்சதுல இருந்து இவங்களுக்கு எல்லாத்துக்கும் கண்டாங்கிதான். சரின்னு ஆத்தாவோட கடுகுக்கலர் கட்டத்த கட்டிட்டுப் போனேன். கொள்ளிவாய்ப் பிசாசு கதை, நல்லா சூடு பிடிச்சு பிசாசு கதவத் தட்டுற எடம், நான் ஆத்தங்குடிக் கல்லுத் தரையில டொக் டொக்னு தட்டுறேன், எல்லாரும் மூச்சப் பிடிச்சுட்டு இருக்காங்க. மேனேஜர் தூணுக்குப் பின்னாடி இருந்து கைக்கடிகாரத்த காட்டுறார். பணியாரம் ஆறுதாம். பிசாச வாசல்லயே நிறுத்திட்டு எந்திரிச்சேன். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி மட்டும் கைகழுவுற எடத்துக்கு பின்னாடியே வந்து, கதவத் தொறந்தாங்களா இல்லையான்னு சைகையில கேட்டுச்சு. இப்பவும் மாசம் ரெண்டு தடவ போறேன், பிசாசு இல்லாத கதையா பாத்து.

பைண்டிங் தம்பி, தேவகோட்டை:
மயில்துத்தம் போடலைன்னா எறும்பும் பூச்சியும் ஒரே மழைக்காலத்துல முடிச்சிரும் சார், நீங்க வந்து விரட்டுவீங்களா? எங்க மாஸ்டர் முப்பது வருஷம் அப்படித்தான் ஒட்டுனாரு. பழைய தாளுக்கு வேணாம்கிறத ஒத்துக்கிறேன், ஸ்கூல் நோட்டுக்கு என்ன? கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார் சேத்து வச்ச பழைய புஸ்தகமெல்லாம் 1994ல சென்னைக்குப் போயி ஆராய்ச்சி நூலகமாச்சே, அந்த மாதிரி எடத்துல ஓரத்த தொட மாட்டாங்கன்னு இப்பத்தான் தெரியும். இப்ப பழசு எது வந்தாலும் கட்டிங் கெடையாதுன்னு போர்டே எழுதி வச்சிருக்கேன். அக்கா, நீங்க காச வாங்குங்க.

ஓலைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அவரு ஆபீஸ்ல இருந்து போன், "கொட்டான் ரெடியா"ன்னு. நான் கண்ண மூடிட்டு "பதினெட்டு முடிஞ்சிருச்சு சார், ஒண்ணு எழுவது ரூபா"ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அப்ப இருபது போதும்மா"ன்னாரு.

கதைசொல்லி, கதவத் தொறந்தாங்களா இல்லையா? அத சொல்லாம போறீங்களே.