ஒமேகா கான்ஸ்டலேஷன் கைக்கடிகார டயலில் புள்ளிகள்: புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா?

தெம்பனிஸ்காரி:
வணக்கம். நாலு வருஷமாகப் பழைய தங்கக் கைக்கடிகாரம் சேர்க்கிறேன். ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானே சாவி ஏறுவது) மட்டும்தான். தொடக்கம் அப்பாவின் டைட்டோனி. சிங்கப்பூர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். பிளம் பூச் சின்னம் போட்ட அந்தக் கடிகாரத்தைத் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான் கட்டுவார். தங்க முலாம், வார் மாட்டும் இடத்தில் தேய்ந்து பித்தளை தெரிகிறது. எத்தனை வெள்ளி கொடுத்தாலும் அதைத் தரமாட்டேன்.

போன மாதம் முதல் தடவையாக முழுத் தங்கம் என்று சொல்லி ஒன்று வாங்கினேன். ஒமேகா கான்ஸ்டலேஷன், மாடல் எண் 168.005, உள்ளே 561 என்ற மெஷின். பை-பேன் டயல், ஓரம் பன்னிரண்டு பட்டையாகச் சரிந்து இறங்கும். ஜன்னல் பக்கம் வைத்துத் திருப்பினால் ஒரு பட்டை மங்க, அடுத்தது மின்னும். அதில்தான் மயங்கினேன்.

இப்போது கவலை. நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே மிளகுத்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள். கையை ஆட்டினால் உள்ளே எதுவோ உரசுகிறது. ராத்திரி கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். டயலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, கேஸைப் பாலிஷ் போட்டு, "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், 480 வெள்ளி" என்றார். செய்யலாமா?

இன்னொன்று. சிராங்கூன் சாலையில் நகைக்கடைக்காரர் ஒருவர் "இது 916 இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். பின்மூடிக்கு உள்ளே 750 என்றும் பக்கத்தில் ஒரு பெண்ணின் தலையும் பொறித்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

சாவி கொடுப்பவன்:
ஏமாறவில்லை அக்கா. 916 நம் நகைக்கடைக் கணக்கு, 22 காரட். சுவிஸ் கடிகாரக் கேஸ் பெரும்பாலும் 18 காரட், அதுதான் 750. அந்தப் பெண் தலை ஹெல்வெட்டியா, 18 காரட்டுக்கு சுவிஸ் அரசு முத்திரை. 14 காரட் என்றால் அணில் இருக்கும். 1995இல் இரண்டையும் எடுத்துவிட்டு செயின்ட் பெர்னார்ட் நாய்த் தலையைக் கொண்டுவந்தார்கள். உங்களுடையது 60களுக்குச் சரியான முத்திரை.

ஈசூன் பெரியவர்:
தங்கச்சி, முப்பது வருஷம் ரிப்பேர் மேசையில் குனிந்து உட்கார்ந்தவன் சொல்கிறேன். டயலை யாரும் தொடவிடாதே.

முதலில் ஒரு காரியம் செய். லென்ஸை வைத்து டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே பார். "ஸ்விஸ் மேட்" எழுத்துக்கு இரண்டு பக்கமும் பொடியாக ஓ, எம் இருந்தால் டயல் தகடே தங்கம். அதற்கு மேல் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறவனிடம் திரும்பிப் போகாதே.

புள்ளி ஏன் வருகிறது? பின்மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகிவிடும். நம் ஊர்ப் புழுக்கம் உள்ளே போகும். டயலின் மேல்பூச்சு விரிந்து, ஈரம் அடியில் இறங்கும். வளையத்தை மாற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் புள்ளி பரவாது. இருக்கிறது இருக்கட்டும், அந்தக் கடிகாரத்தின் வயசு அது.

உரசும் சத்தம்தான் அவசரம். 561இல் ரோட்டர், அதாவது கை ஆடும்போது சுற்றிச் சாவி ஏற்றும் எடைத் தகடு, பால் பேரிங்கில் சுற்றாது, புஷ் என்ற சின்ன உலோக வளையத்தில் சுற்றும். அது தேய்ந்தால் ரோட்டர் தொய்ந்து தகட்டைக் கீறும், தங்கமும் செம்பும் கலந்த நிறத்தில் தூள் உதிரும். எண்ணெயும் வற்றியிருக்கும். நன்றாகச் சாவி ஏறியிருந்தால் இது ஐம்பது மணி நேரம் ஓடவேண்டிய மெஷின். முழு சர்வீஸ் கொடு, புஷ்ஷை மாற்றச் சொல். அதுவரை கட்டாதே.

பழைய சந்தை ரசிகன்:
பாலிஷ் பற்றி நானும் சொல்கிறேன், அந்தத் தப்பைச் செய்தவன். சுங்கை ரோடு சந்தை மூடுவதற்கு (2017 ஜூலை) சில மாதம் முன்னால் அங்கே ஒரு தங்க ஒமேகா சீமாஸ்டர் கடிகாரம் வாங்கினேன். பாலிஷுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் ஆசையாக விரலால் தடவினேன். கத்தி முனை மாதிரி இருந்த ஓரங்கள் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுவென்று. வார் மாட்டும் காதின் அடியில் இருந்த முத்திரை பாதி இல்லை. போன தங்கம் போனதுதான், ஒட்ட முடியாது. உங்கள் கடிகாரத்தின் பின்மூடியில் வானாய்வகமும் நட்சத்திரங்களும் பொறித்த பதக்கம் வேறு இருக்கிறது, எட்டு நட்சத்திரமும் எண்ணும்படி இருக்கிறதா பாருங்கள்.

சாவித் திருகையும் பாருங்கள், அந்தக் காலத்துக் கான்ஸ்டலேஷனில் பத்துப் பட்டையாக இருக்கும்.

தெம்பனிஸ்காரி:
அய்யா, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓ, எம் இருக்கிறது! இரண்டு பக்கமும். கை நடுங்கிவிட்டது. எட்டு நட்சத்திரமும் எண்ணினேன். திருகு மட்டும் உருண்டை, யாரோ மாற்றியிருக்கிறார்கள். பத்துப் பட்டைத் திருகு தேட ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கடைக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறொருவரிடம் கொடுத்தேன், பழைய ஒமேகா பழகினவர். புஷ், எண்ணெய், ரப்பர் வளையம் மட்டும். டயலும் கேஸும் தொடக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன். ஆறு வாரம் ஆகுமாம்.

அதற்குள் 18 மில்லிமீட்டர் வார் ஒன்று வாங்கவேண்டும். வியர்வைக்கு எந்தத் தோல் தாங்கும்?