லீவு முடியுது, வழி தெரிந்த அம்மாமார் சொல்லுங்க

அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வீடு ஆரையம்பதி, வேலை மட்டக்களப்பு டவுனில், ஒரு அரச அலுவலகத்தில். 84 வேலை நாள் பிரசவ லீவு முடிந்து அடுத்த கிழமை திரும்பப் போகிறேன். பிள்ளையை மாமி பார்த்துக்கொள்வா.

தாய்ப்பால் எடுத்து வைப்பதுதான் பெரிய யோசனை. பிரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும், வெளியில் 25 பாகைக்குள் என்றால் 4 மணித்தியாலம். எங்கட ஊரில் பகல் நேரம் 25 பாகைக்கு எங்கே போவது! அலுவலகத்தில் பிரிட்ஜும் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தவர்கள் இருந்தால், என்ன பெட்டி, ஐஸை எப்படி அடுக்கினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது துணி. இந்த மார்கழி மழைக்கு நப்கின் காய்கிறதே இல்லை. குசினிக்குள் கொடி கட்டி ஃபேன் போட்டாலும் தையல் ஓரம் மட்டும் ஈரமாகவே நிற்கும், மடித்து வைத்தால் ஒரு மக்கல் வாடை. பம்பர்ஸ் இரவுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும்.

சமையலை எப்படியாவது சமாளிப்பேன். அவர் தேங்காய் துருவித் தருவார் (அதற்கு மேல் எதிர்பார்க்க ஏலாது). துருவிய பூவை ஃப்ரீசரில் வைத்தால் புட்டுக்குச் சரிவருமா? ருசி கெட்டுவிடும் என்கிறா மாமி.

பால்மா டின் வாங்கு என்று மட்டும் யாரும் சொல்லாதீங்க. அந்த ஆலோசனை வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்குது.