அணியை மீண்டும் கட்டுகிறார்களா, செலவைக் குறைக்கிறார்களா: வெளியிலிருந்து எப்படிக் கண்டறிவது?

அலிகெனிக் கரை (கேள்வி)

வணக்கம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியை நெடுங்காலமாகப் பின்தொடர்கிறவன் என்ற முறையில், பேஸ்பாலைக் கூர்ந்து கவனிக்கும் நண்பர்களிடம் ஒரு கேள்வியை முன்வைக்கிறேன்.

1993 முதல் 2012 வரை தொடர்ச்சியாக 20 சீசன்களில் எங்கள் அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். அதன் பிறகு 2013, 2014, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும், சீசன் முடிவில் சிறந்த அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃப் சுற்றுக்குச் சென்றது. 2015-ல் 98 வெற்றிகள் பெற்றும், வைல்டு கார்டு என்னும் ஒற்றை ஆட்டத்தில் சிகாகோ கப்ஸிடம் 4-0 என்று தோற்று வெளியேறியது. பிறகு பிரித்தல் தொடங்கிவிட்டது. 2018 ஜனவரியில் கெரிட் கோல் ஹூஸ்டனுக்கும், ஆண்ட்ரூ மெக்கட்சன் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அனுப்பப்பட்டனர். 2020 ஜனவரியில் ஸ்டார்லிங் மார்ட்டே போனார். அடுத்த குளிர்காலத்தில் ஜாஷ் பெல், ஜோ மஸ்குரோவ், ஜேமிசன் டையோன் ஆகிய மூவரும் சில வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராகப் போயினர். 2021-ல் 101 தோல்விகள், 2022-ல் 100 தோல்விகள்.

ஒவ்வொரு முறையும் நமக்குச் சொல்லப்படுவது, இது மறுகட்டமைப்பு, பொறுமையாக இருங்கள் என்பதுதான். நல்ல வீரர்களை விற்று இளைஞர்களை வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எதிர்காலத்துக்காக அணியை மீண்டும் கட்டுவதும், டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில்) முதல் இடம் கிடைப்பதற்காகத் தெரிந்தே தோற்பதும், உரிமையாளரின் செலவைக் குறைப்பதற்காக வீரர்களைக் கைவிடுவதும் முதல் இரண்டு ஆண்டுகளில் பார்ப்பதற்கு ஒரே மாதிரியாகவே இருக்கின்றன. மூன்றிலும் நமக்குப் பிடித்தவர்கள் போகிறார்கள், பெயர் தெரியாதவர்கள் வருகிறார்கள், அணி தோற்கிறது. பத்தாண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்துச் சொல்வது எளிது. நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ரசிகர் இவற்றைப் பிரித்தறிய வழி உண்டா?

ஒன்பதாம் இன்னிங்ஸ்

உண்டு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். யார் போனார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது புலப்படாது. மிச்சமான பணம் எந்த ஆண்டில், எந்த உருவில் அணிக்குத் திரும்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

2015-ல் உங்களை வெளியேற்றிய கப்ஸ் அணியையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மறுகட்டமைப்புக்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2011 அக்டோபரில் தியோ எப்ஸ்டீன் அங்கு பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே அணி 101 ஆட்டங்களில் தோற்றது. ஆனால் அந்தத் தோல்விக் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2012 ஜனவரியில் ஆண்ட்ரூ கேஷ்னரைக் கொடுத்து அந்தோனி ரிஸோவைச் சான் டியகோவிடமிருந்து வாங்கினார்கள். 2013 ஜூலையில் பால்டிமோரில் தடுமாறிக்கொண்டிருந்த ஜேக் அரியேட்டாவை வாங்கினார்கள். 2015-ல் பிட்ஸ்பர்க் மைதானத்தில் அந்த ஒற்றை ஆட்டத்தை முழுவதும் தாமே வீசி உங்கள் அணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காதவர் அவர்தான். 2013 டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் கிரிஸ் பிரையன்ட் கிடைத்தார். எல்லாவற்றையும்விட முக்கியமானது 2014 டிசம்பரில் நடந்தது: அந்த ஆண்டு அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தபோதிலும், இளைஞர்கள் தயாராகிவிட்டார்கள் என்று கணித்து, பந்துவீச்சாளர் ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலர் கொடுத்தார்கள். 2015-ல் 97 வெற்றிகள். 2016-ல் 103 வெற்றிகளோடு, 1908-க்குப் பிறகு முதல்முறையாக வேர்ல்டு சீரிஸ் என்னும் சாம்பியன் கோப்பை.

லெஸ்டர் ஒப்பந்தம் நடந்த அந்தக் குளிர்காலம்தான் நான் சொல்லும் அடையாளம். உண்மையாகக் கட்டுகிறவர்கள் செலவைத் தள்ளிப்போடுகிறார்கள். செலவைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டவர்களிடம் தள்ளிப்போட்ட அந்த நாள் வருவதே இல்லை. இளைஞர்கள் முதிர்ந்து, அவர்களுக்குச் சம்பளம் உயரும் வேளை வந்ததும் அவர்களையும் விற்று, அடுத்த சுற்று இளைஞர்களைக் காட்டி மறுபடியும் பொறுமையைக் கேட்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்கு விளையாட்டின் பொருளாதார அமைப்பிலேயே விடை இருக்கிறது. மேஜர் லீக் பேஸ்பாலில் சம்பளத்துக்குக் கட்டாயமான கீழ்வரம்பு இல்லை. தேசிய அளவிலான தொலைக்காட்சி வருவாய் 30 அணிகளுக்கும் பொதுவாகப் பகிரப்படுகிறது. உள்ளூர் வருவாயிலும் ஒவ்வோர் அணியும் 48 விழுக்காட்டைப் பொதுநிதிக்குக் கொடுத்து, அது சமமாகப் பிரிக்கப்படுகிறது. ஆகவே மைதானம் பாதி காலியாக இருந்தாலும் சிறிய நகரத்து அணிக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பகிர்வுத் தொகையை ஆட்டத்தின் தரத்தை உயர்த்தவே செலவிட வேண்டும் என்று அணிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தம் கூறுகிறது. அப்படிச் செலவிடவில்லை என்று குற்றம்சாட்டி, 2018-ல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள் மீது முறையீடு செய்தது. ஓக்லாந்து, மயாமி, டாம்பா பே ஆகியவற்றோடு உங்கள் பிட்ஸ்பர்க்கும் அதில் ஒன்று.

மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுகள் முடித்த பிறகே தாம் விரும்பும் அணிக்குப் போகும் உரிமை பெறுகிறார். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குகிறார். நல்ல இளைஞர்கள் ஆறேழு பேர் ஒரே நேரத்தில் அந்த மலிவான ஆண்டுகளில் இருப்பதுதான் மறுகட்டமைப்பின் சாரம். அந்த மலிவால் மிச்சமாகும் தொகையைக் கொண்டு அருகில் நிறுத்த ஓர் அனுபவசாலியை வாங்காவிட்டால், அந்த ஆண்டுகள் உரிமையாளருக்கு மட்டுமே பயன்படுகின்றன.

ஹூஸ்டன் வாசகி

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தெரிந்தே தோற்பதைப் பற்றி யாரும் இன்னும் நேராகப் பேசவில்லை. அதற்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

எங்கள் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 ஆட்டங்களில் தோற்றது. ஜிம் கிரேன் 2011-ல் அணியை வாங்கி, அந்த ஆண்டு இறுதியில் ஜெஃப் லூனோவைப் பொது மேலாளராக நியமித்தார். அவர்கள் செய்ததைத் தற்செயல் என்று எவரும் கருதவில்லை. அன்றைய விதிகள் தோல்விக்கு நேரடியாகவே பரிசளித்தன: கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு டிராஃப்டின் முதல் தேர்வு கிடைத்ததோடு, புதிய வீரர்களுக்குக் கையொப்பத் தொகை கொடுப்பதற்கான ஒதுக்கீடும் அதிகமாகக் கிடைத்தது. 2012-ல் கார்லோஸ் கொரியாவை முதல் இடத்தில் தேர்ந்தெடுத்து, அந்த இடத்துக்குரிய 72 லட்சம் டாலருக்குப் பதிலாக 48 லட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தார்கள். மிச்சப்பட்டதைக் கொண்டு, வேறு அணிகள் பணத்துக்கு அஞ்சி விட்டுவிட்ட லான்ஸ் மெக்கலர்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள். 2017-ல் கோப்பையை வென்ற அணியில் இருவரும் இருந்தார்கள்.

இதைக் காட்டித் தோற்றால் வெல்லலாம் என்று பலர் முடிவு கட்டிவிட்டனர். அந்த முடிவு தவறு. 2013-ல் முதல் தேர்வாக எடுக்கப்பட்ட மார்க் அப்பல் ஆஸ்ட்ரோஸுக்காக மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. அவருக்கு அடுத்த இடத்தில் கப்ஸுக்குப் போனவர்தான் கிரிஸ் பிரையன்ட். 2014-ல் முதல் தேர்வான பிராடி ஐகனுடன் ஒப்பந்தமே ஏற்படவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற அணிக்கு, அந்த மூன்றில் பயன்பட்டவர் ஒருவர். ஐகனை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த தேர்வில் 2015-ல் அலெக்ஸ் பிரெக்மன் வந்தது அணியின் நற்பேறு. மறுபக்கம், ஹோசே அல்டூவே, டாலஸ் கைக்கல், ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஆகிய மூவரும் லூனோ வருவதற்கு முன்பே நிறுவனத்துக்குள் இருந்தவர்கள். ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர் கைக்கல். வெனிசுவேலாவிலிருந்து மிகச் சிறிய தொகைக்கு வந்தவர் அல்டூவே. அவர்களைக் கொண்டுவந்தவை சாரணர்களின் கண்ணும் பயிற்சியாளர்களின் உழைப்பும்தான்; அதற்கு 111 தோல்விகள் தேவைப்படவில்லை.

அந்த ஆண்டுகளில் இந்த ஊரில் பேஸ்பால் பேச்சே அடங்கிப்போயிருந்தது. 2013 செப்டம்பரில் ஓர் ஆட்டத்துக்கு உள்ளூர்த் தொலைக்காட்சி நேயர் மதிப்பீடு 0.0 என்று வந்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த குழந்தைகளுக்கு மாலையில் பார்க்க ஒரு நல்ல அணி இல்லாமல் போனதை எந்தக் கோப்பையும் ஈடுசெய்யாது என்பது என் கருத்து. அந்த 2017 வெற்றியின் மீது பின்னர் படிந்த, எதிரணியின் சைகைகளைத் திருடிய விவகாரத்தின் கறை வேறு.

2022-ன் தொழிலாளர் ஒப்பந்தம் இதை ஓரளவு சரிசெய்தது. முதல் ஆறு தேர்வுகள் இப்போது குலுக்கலில் முடிவாகின்றன. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்க வாய்ப்பு தலா 16.5 விழுக்காடு மட்டுமே. தொடர்ந்து குலுக்கலில் பங்கேற்கவும் வரம்பு உண்டு. 2024-ல் 121 ஆட்டங்களில் தோற்று நவீன காலத்தின் மிக மோசமான சாதனையைப் படைத்த சிகாகோ வைட் சாக்ஸ், அந்த வரம்பினால் 2025 டிராஃப்டில் பத்தாவதாகத்தான் தேர்வு செய்ய முடிந்தது. தெரிந்தே தோற்பதன் பலன் குறைந்துவிட்டது. செலவைக் குறைப்பதன் பலனோ சற்றும் குறையவில்லை.

ஓக்லாந்து பழைய ரசிகர்

செலவுக் குறைப்பு தன் முழு உருவில் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் எங்கள் கதையைப் படிக்கலாம். 2022 மார்ச்சில், சில நாட்களுக்குள், கிறிஸ் பாசிட், மேட் ஓல்சன், மேட் சாப்மன் ஆகியோர் வெவ்வேறு அணிகளுக்குப் போயினர். ஏப்ரலில் ஷான் மனேயா, அந்த டிசம்பரில் ஷான் மர்ஃபி. 2023-ல் 112 தோல்விகள். 2023 ஜூன் 13 அன்று, உரிமையாளர் ஜான் ஃபிஷர் அணியை விற்க வேண்டும் என்று கேட்டு 27,759 பேர் எங்கள் மைதானமான கொலிசியத்துக்கு வந்தோம். ரசிகர்கள் இல்லாததால்தான் செலவிட முடியவில்லை என்ற வாதத்துக்கு அன்று நாங்கள் கொடுத்த பதில் அது. 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. அணி இப்போது சாக்ரமென்டோவில் ஒரு மைனர் லீக் மைதானத்தில் ஆடிக்கொண்டு, லாஸ் வேகஸுக்குக் காத்திருக்கிறது.

குறைந்த சம்பளப் பட்டியலே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மில்வாக்கி அணி 2022 டிசம்பரில், மர்ஃபியை நாங்கள் விற்ற அதே மூன்று அணி வணிகத்தில், வில்லியம் கான்ட்ரெராஸைப் பெற்றுச் சென்றது. 2024 பிப்ரவரியில் கார்பின் பர்ன்ஸையே விற்றது; அந்த ஆண்டும் பிரிவில் முதலிடம், 2025-ல் 97 வெற்றிகளோடு லீக்கிலேயே முதலிடம். அவர்கள் விற்ற ஒவ்வொரு முறையும் அடுத்த சீசனில் களத்தில் நிற்கக்கூடிய ஒருவரைக் கேட்டு வாங்கினார்கள். எங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு சீசனைத் தாங்கும் அளவுக்குக்கூட நிற்கவில்லை.

அலிகெனிக் கரை

மூவருக்கும் நன்றி. ஒன்பதாம் இன்னிங்ஸ் சொன்ன அளவுகோலை எங்கள் அணியில் வைத்துப் பார்த்தேன். முழுவதும் இருட்டாக இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெக்கட்சனைக் கொடுத்துப் பெற்ற பிரையன் ரெனால்ட்ஸுக்கு 2023 ஏப்ரலில் எட்டு ஆண்டுகளுக்கு 10.675 கோடி டாலர் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் மிட்ச் கெல்லருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 7.7 கோடி. ஆனால் இவை இருப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் செலவுகள். வெளியிலிருந்து ஒரு லெஸ்டர் இதுவரை வரவில்லை. கோலை விற்றதற்கு வந்த நால்வரில் சிறந்தவர் மஸ்குரோவ், அவரையும் விற்றுவிட்டார்கள். சான் டியகோவின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டத்தை) அவர் 2021 ஏப்ரலில் வீசினார். கோலோ, 2019-ல் ஹூஸ்டனுக்காக 326 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார்.

இப்போது பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார். 2023 டிராஃப்டின் முதல் தேர்வு. அதாவது 100 தோல்விகளும் குலுக்கலும் சேர்ந்து தந்தவர். 2025-ல் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.97, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் அவருக்கே. அப்படி வீசியும் அவருடைய கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி. அவர் வீசும் நாளில் ரன் எடுத்துக் கொடுக்க அணியில் ஆட்கள் இல்லை என்பதை இதைவிட வெளிப்படையாக எந்த எண்ணும் காட்டாது. அணி மொத்தத்தில் 91 ஆட்டங்களில் தோற்றது.

ஒன்பதாம் இன்னிங்ஸ்

அப்படியானால் உங்கள் கேள்விக்கான விடைக்கு ஒரு காலக்கெடுவே இருக்கிறது. 2024-ல் சிறந்த புதுமுக வீரருக்கான விருதைப் பெற்றதால் ஸ்கீன்ஸுக்கு அந்த ஆண்டு, நான் முன்பு சொன்ன ஆறு ஆண்டுகளில் ஒரு முழு ஆண்டாகக் கணக்கிடப்பட்டது. ஆகவே 2026 வரைதான் அவர் மலிவான சம்பளத்தில் வீசுவார். 2027 முதல், அணியும் வீரரும் உடன்படாவிட்டால் நடுவரே சம்பளத்தை முடிவுசெய்யும் நடுவர் தீர்ப்பு முறையில் சம்பளம் ஏறும். 2029 முடிந்ததும் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். கப்ஸ் லெஸ்டரை வாங்கிய காலத்தோடு ஒப்பிட வேண்டிய குளிர்காலங்கள் உங்கள் அணிக்கு 2025-ம் 2026-ம் ஆகும். அந்த இரண்டில் நல்ல மட்டையாளர்கள் இருவர் பல ஆண்டு ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து வந்தால், உரிமையாளர் பாப் நட்டிங்கின் சொல்லை நான் நம்பத் தொடங்குவேன். அதற்குப் பதிலாக 2027 ஜூலையில் ஸ்கீன்ஸைப் பற்றிய வணிகப் பேச்சுகள் எழுந்தால், எவ்வளவு திறமையான இளைஞர்கள் ஈடாக வந்தாலும் அதை மறுகட்டமைப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.