சுந்தரம் தாத்தா குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

கோமதி அத்தை: கோயில் வாசலில் வைத்துக் கேட்கிறார்கள், நம்ம கார்த்திக்கு லிவர் போச்சாமே, குடிப்பானா என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை.

முருகேசன் பெரியப்பா: யார் கேட்டது

கோமதி அத்தை: யாரோ. செய்தி நம்ம வீட்டிலிருந்துதான் போயிருக்கும்.

சரவணன் சித்தப்பா: உடனே என்னைச் சொல்வீங்களே

லட்சுமி சித்தி: தண்ணீரையே அளந்து குடிக்கிற பிள்ளை அவன்

வித்யா: அத்தை, இனி யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள். கார்த்திக்குப் பிறவியிலேயே இதயத்தின் வலது கீழறை வளரவில்லை. ஆறு வயதில் நடந்தது ஃபோன்டான் ஆபரேஷன். 1971ல் பிரான்ஸில் ஃபோன்டான் என்ற டாக்டர் வெளியிட்ட முறை. உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தை இதயத்துக்குள் விடாமல் நேரே நுரையீரல் குழாயில் இணைத்துவிடுவார்கள். நடுவில் பம்ப் கிடையாது. அதனால் ரத்தம் பின்னால் தேங்கும். வருஷக்கணக்கில் அந்த அழுத்தத்தில் ஈரல் தழும்பேறிவிடும். வயிற்றில் நீர் கோர்ப்பதும் அதனால்தான்.

முருகேசன் பெரியப்பா: சுருக்கமா சொல்லும்மா

வித்யா: குடி இல்லை. இதயம் மாற்ற வேண்டும்.

முருகேசன் பெரியப்பா: 🙏

லட்சுமி சித்தி: டிரான்ஸ்டான் (தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் நேற்றுப் பெயர் பதிந்தாச்சு. சென்னையிலேயே இருக்கச் சொல்கிறார்கள். வீடு பார்க்கணும்.

சரவணன் சித்தப்பா: எதுக்கு? கூப்பிட்டதும் கோவில்பட்டியில் பஸ் ஏறினால் விடிய அங்கே

வித்யா: எடுத்த இதயத்தைச் சுமார் நாலு மணி நேரத்துக்குள் பொருத்தணும் சித்தப்பா. உங்க பஸ் திருச்சியே தாண்டாது. அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கும், பிரித்தெடுக்கவே நேரமாகும். இதயம் வருவதற்கு முன்பே அவன் டேபிளில் இருக்கணும்.

முருகேசன் பெரியப்பா: ரத்தம் நான் தருகிறேன்

கோமதி அத்தை: 65க்கு மேல் எடுக்கமாட்டாங்க அண்ணா

லட்சுமி சித்தி: அன்றைக்கு ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டபோது சிலர் ஊரிலேயே இல்லை

சரவணன் சித்தப்பா: 2004 ஆரம்பிச்சாச்சு

வித்யா: அப்போது ஏற்றிய ரத்தத்தால்தான் இப்போது ஒரு சிக்கல். உடம்பில் ஆன்டிபாடி உண்டாகியிருக்கு. குரூப் பொருந்தினாலும் எல்லா இதயமும் ஒத்துக்கொள்ளாது. காத்திருப்பு நீளலாம்.

சரவணன் சித்தப்பா: அப்போ நான் கொடுக்காததே நல்லது

லட்சுமி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: ஆவணியில் பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேணுமே. அதையும் யோசிங்க.

கோமதி அத்தை: ஆபரேஷனில் ஆபத்து ஒண்ணும் இல்லையே வித்யா?

வித்யா: இருக்கு அத்தை. பிறவிக் கோளாறுக்காரர்களுக்கு ஆரம்பக் கட்டத்தில் ஆபத்து, இதயம் மாற்றிக்கொள்ளும் மற்றவர்களைவிட அதிகம். முதல் வருஷத்தைத் தாண்டியவர்கள் மற்றவர்களுக்குச் சமமாக, சில சமயம் கூடுதல் காலமும் வாழ்கிறார்கள்.

கார்த்தி: நான் இந்த குரூப்பில்தான் இருக்கேன்

கார்த்தி: அப்புறம், புது இதயத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை ஆரம்பித்தால் பம்ப்ளிமாஸ் தொடக்கூடாதாம். பெரியப்பா தோட்டத்து மரம் தப்பிச்சுது.

முருகேசன் பெரியப்பா: போக்கிரி

சரவணன் சித்தப்பா: வளசரவாக்கத்தில் என் மச்சான் வீட்டு மாடி காலி. வாடகை பேசிக்கலாம்.

லட்சுமி சித்தி: எத்தனையாவது மாடி

சரவணன் சித்தப்பா: ரெண்டாவது. லிஃப்ட் இல்லை.

கோமதி அத்தை: ஆண்டவா

முருகேசன் பெரியப்பா: தரைத்தளம் பாருங்க. வாடகை என் பொறுப்பு.

கார்த்தி: காது குத்தைச் சென்னையில் வைக்கலாமே

சரவணன் சித்தப்பா: குலதெய்வம் கோயிலை விட்டுட்டா?

மீனா: பத்திரிகைக்கு நாளைக்குள் சொல்லணும். எந்த ஊர் போட?